கனகாம்பரம்

கனகாம்பரம் என்பது அக்காந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான சிறு செடியாகும். இதன் அறிவியற்பெயர் குரொசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிசு. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களுள் அடங்கும். கனகம் (பொன்), அம்பரம் (ஆடை) என்னும் வடசொற்கள் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. மல்லிகை நன்கு பூக்க முழு வெயில் வேண்டும். கனகாம்பரமோ மரநிழல் விட்டு விட்டு விழும் இடத்திலும் பூக்கும். இதனால் கொல்லைப்புறத்தில் தென்னை, மா ஆகியவற்றின் ஓரத்தில் வளர்க்க ஏற்ற பூச்செடியாக உள்ளது.

தோற்றம்

செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் கரும்பச்சை நிறமும் பளபளப்பும் உடையவை. நான்கு பக்கமுள்ள கதிர்களில் பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. மெல்லிய குழல் போன்ற அடிப்பகுதியும், ஒரு பக்கமாக விசிறி போல் விரிந்த இதழ்ப்பகுதியும் கொண்ட பூ இது. காய்ந்த விதையுறை ஈரம் பட்டவுடன் வெடித்து விதைகளைத் தூரச் சிதறச் செய்யும். ஆங்கிலத்தில் இதற்குப் பட்டாசுப் பூ என்ற பொருளில் பெயர் வழங்குவது இதனாலேயே. பூவுக்கு மணம் இல்லை. ஆகவே மல்லிகை, மரு, தவனம் ஆகியவற்றுடன் சேர்த்துக் கதம்பமாகத் தொடுப்பது வழக்கம்.

நிழலும் பருவமும்

ஐரோப்பாவில் இளவேனிற்கால நிழற்பாத்திகளில் விரும்பி வளர்க்கப்படுவது, 'என்னை மறவாதே' எனப் பொருள்படும் பெயருடைய நீலநிறச் சிறுபூவாகிய மயோசோட்டிசு. அது குளிர்ச்சியான ஈரமண்ணை நாடுவது. காவிரிக் கழிமுகக் கடற்கரையில் அதற்கு இடமில்லை. காரைக்காலிலும், அதனை அடுத்து யாழ்மூரிநாதர் கோயில் அமைந்துள்ள தருமபுரத்திலும் இளவேனிலாகிய சித்திரை, வைகாசி மாதங்களே கடும் வெப்பக் காலம். பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும். இத்தகைய இடத்தில் நிழற்பாத்திக்குப் பொருத்தமான செடி கனகாம்பரமே எனலாம். கோடையில் நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கும். எனினும் நிழல் அடர்த்தியாக இருந்தால் இலை தழைக்குமே தவிரப் பூ குறையும்.

இப்பகுதியில் வெயிலை விட மழையே பெரிய இடர். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்கிறது. தேங்கும் நீரில் வேர் அழுகிவிடும். ஆகவே தாழ்வான வண்டல் நிலத்தில் பார் பிடித்து, பாரின் ஒரு பக்கத்தில் நடுவது நலம். வரிசைகளுக்கு இடையே 60 செ.மீ. இடைவெளி விடப்படுகிறது. நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். விரிந்த பூக்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள், விடியற்காலையில் பறிக்கப்படுகின்றன. பூ மிக இலேசானது. ஒரு கிலோ சேர்க்கப் பல்லாயிரம் பூக்களைப் பறிக்க வேண்டும். பூவின் விலையில் பெரும்பங்கு உண்மையில் பறிப்போரின் உழைப்பே.

வகைகளும் இனப்பெருக்கமும்

சாதாரண ஆரஞ்சு நிற வகை விதை மூலம் வளர்கிறது. மஞ்சள் நிற வகையும் உண்டு. டெல்லி கனகாம்பரம் எனப்படும் செவ்வாரஞ்சு வகை, பெரிய பூக்களுக்காகவும் கூடுதல் விளைச்சலுக்காகவும் பெரிதும் விரும்பப்படுகிறது. இது மும்மடிய வகையாகும். அதாவது இதன் உயிரணுக்களில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதிலாக மூன்று உள்ளன. ஆதலால் விதை பிடிப்பதில்லை. தண்டைத் துண்டித்து வேர்பிடிக்க வைத்தே பெருக்க வேண்டும். இவ்வாறு பெருகும் செடிகள் மரபளவில் ஒன்றே ஆதலால் நோய்க்கும் ஒன்றுபோலவே ஆட்படும்.

நோய்கள்

கனகாம்பரத் தோட்டங்களை அழிப்பதில் முதன்மையானது வேரைத் தாக்கும் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரில் புண் உண்டாக்க, அதன் வழியே வாடல் நோய்ப் பூஞ்சை நுழைகிறது. செடி குன்றி, இலை வெளுத்து, வாடி மடிகிறது. நோயுற்ற தோட்டத்திலிருந்து வேர்மண்ணோடு கொடுக்கப்படும் ஒரு செடி போதும், அடுத்த வீட்டு மண்ணும் கெடும். அண்டை அயலாரிடையே செடி பரிமாறும் ஊர்களில் இதுவே கவனிக்க வேண்டியது. மண் ஒட்டாத தண்டுத் துண்டைப் பெற்று, தூய மணலில் வேர்பிடிக்க வைப்பதே பாதுகாப்பானது. பாதிக்கப்பட்ட பாத்தியில் உடனே மீண்டும் கனகாம்பரம் நடாமல் துலுக்கச் செவ்வந்தியைப் பயிரிடுவதுண்டு. அதன் வேர்களில் உள்ள வேதிப்பொருள் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும். வேப்பம் புண்ணாக்கு இடுவதும் உதவும்.

நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மஞ்சளாவது நோயன்று. அது இரும்புச்சத்துக் குறைபாடு. அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை நீரில் கரைத்துத் தெளிக்க இலைகள் மீண்டும் பச்சையாகும்.