இரண்டு மாத விடுப்பும் ஒரு விலகலும்

2011 நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கி, தன் தலைமைச் செயல் அதிகாரி அந்தோனியோ ஹோர்டா-ஒசோரியோ கடும் களைப்பால் மருத்துவ விடுப்பில் செல்வதாக அறிவித்தது. அவர் பொறுப்பேற்று எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பங்கு விலை அன்றே சரிந்தது. 2023 ஜனவரி 19-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், இந்தப் பதவிக்கு நியாயம் செய்யும் தெம்பு இனி தம்மிடம் இல்லை என்று சொல்லி விலகலை அறிவித்தார். களைப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றியது.

லாயிட்ஸின் நிலைமை எளிதல்ல. 2009-இல் எச்பிஓஎஸ் வங்கியை வாங்கித் தடுமாறியதால், அரசு சுமார் 2,000 கோடி பவுண்டு போட்டுக் காப்பாற்றி, நாற்பது சதவீதத்துக்கும் மேலான பங்கைக் கையில் வைத்திருந்தது. 2011 ஜூனில் 15,000 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை ஹோர்டா-ஒசோரியோ அறிவித்தார். அதே ஆண்டு பிற்பகுதியில் ஐரோப்பியக் கடன் நெருக்கடி முற்றியது. குறுகிய காலக் கடனை நம்பியிருந்த வங்கியைப் பற்றிய கவலை அவரைத் தூங்கவிடவில்லை. தொடர்ந்து ஐந்து நாள் உறக்கமே இல்லாத நிலைக்குப் போனார். (வேலை போகப்போகிற அந்த ஆயிரக்கணக்கானோரின் தூக்கமின்மை செய்தியாகவில்லை என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும்.) 2012 ஜனவரியில் திரும்பியவர் பழைய முறையிலேயே வேலையைத் தொடரவில்லை. நேரடியாகத் தன்கீழ் இயங்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார், பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார், 2011-ஆம் ஆண்டுக்கான போனஸை வேண்டாம் என்றார். பின்னாளில் மூத்த அதிகாரிகளின் மனநலத்துக்காக வங்கிக்குள்ளேயே திட்டம் கொண்டுவந்தார். 2017 மே மாதம் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்று, போட்ட பணத்தைத் திரும்பப் பெற்றது.

ஹோர்டா-ஒசோரியோ தன் வேலை முறையை மாற்றிக்கொண்டார்; சூழலுக்கேற்ப அரசின் கொள்கையை மாற்றிய ஆர்டெர்னின் நெகிழ்வு வேறு வகை. 2019 மார்ச் 15-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டனர். நான்கே வாரத்துக்குள் பெரும்பாலான பாதித் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. கொரோனாவை நாட்டுக்குள் அறவே ஒழிப்பது என்ற அவரது கொள்கை உலகெங்கும் பாராட்டப்பட்டது. 2021-இல் ஆக்லாந்தில் கொரோனாவின் டெல்டா திரிபு கட்டுக்கடங்காமல் போனபோது அதையே கைவிட முன்வந்தார். தனக்குப் புகழ் தந்த கொள்கையை விட்டுக்கொடுக்கும் மனம் தலைவர்களுக்கு அரிதாகவே வாய்க்கும். ஆனால் கொள்கையை மாற்றியவர், தன் தோளில் இருந்த சுமையை மாற்றிக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வங்கியில் வேலையைப் பிரிக்கலாம். சிறிய நாட்டில் ஒவ்வொரு துயரத்துக்கும் மக்கள் தேடுவது பிரதமரின் முகத்தைத்தான்.

ஆனாலும் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்கு அவரிடமே நல்ல முன்மாதிரி ஒன்று இருந்தது. 2018 ஜூனில் குழந்தை பிறந்தபோது ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டதால் அரசு இயந்திரம் தடங்கலின்றி ஓடியது. லாயிட்ஸிலும் நிதி இயக்குநர் டிம் டூக்கி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஆனால் அங்கே உடல் படுத்த பிறகுதான் அந்த ஏற்பாடு. முன்கூட்டிச் சொன்ன ஓய்வுக்கு யாரும் பதறவில்லை. உடைந்துபோய் எடுத்த ஓய்வு சந்தையையே கலங்கடித்தது. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. மேலதிகாரி விடுப்பு கேட்டால் பலவீனம் என்று பேசுகிறோம், மருத்துவமனையில் படுத்தால் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்க்கிறோம்.

தேர்தல் ஆண்டில் கட்சியைக் கைவிட்டுப் போனார் என்று ஆர்டெர்னைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவரது தொழிற்கட்சி 2023 அக்டோபரில் தோற்றதும் உண்மை. ஆனால் விலகலை அறிவித்த அன்றே தேர்தல் தேதியையும் அறிவித்தார். ஆறே நாளில் கிறிஸ் ஹிப்கின்ஸ் கட்சித் தலைவராகப் போட்டியின்றித் தேர்வாகிப் பிரதமராகப் பதவியேற்றார்; தேர்தலுக்குத் தயாராக அவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் கையில் இருந்தது. இதைக் கைவிடுதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.