அடைப்பான் நோய்த் தடுப்பூசி: மேம்பட்ட வடிவமைப்பு

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) தடுப்பூசியை மேம்படுத்தப் புதிய ஆன்டிஜெனைத் தேடுவதைவிட, இருப்பதற்கு உடல் விரைந்து எதிர்வினையாற்றச் செய்வதே இதுவரை பலனளித்த வழி. அமெரிக்காவில் 1970இல் உரிமம் பெற்ற தடுப்பூசி, நச்சு உயிரணுவுக்குள் நுழையத் துணைபோகும் ‘பாதுகாப்பு ஆன்டிஜென்’ புரதத்தையே முதன்மையாகச் சார்ந்தது. கிருமித் தொடர்புக்குப் பின் ஆன்டிபயாடிக் மருந்தோடு நான்கு வாரங்களில் மூன்று தவணை போட வேண்டும். அதனுடன் சிபிஜி என்ற துணையூக்கியைச் சேர்த்து 2023இல் ஒப்புதல் பெற்ற வடிவத்துக்கு இரு வார இடைவெளியில் இரண்டு தவணை போதும். ஸ்போர்கள் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கக்கூடிய நோயில் இந்த வேகம் பெரிது.

நச்சை மட்டும் தடுத்தால் கிருமி பிழைக்காதா என்பது நியாயமான ஐயம். ஆனால் அந்த நச்சே பாதுகாப்பு உயிரணுக்களை முடக்குகிறது. அதை அடக்கினால் அவை கிருமியைக் கொல்லும் வலுப்பெறும். கிருமியின் உறையையும் குறிவைக்கும் ஆய்வுகள் இந்த ஐயத்தை மேலும் குறைக்கலாம். தடுப்பூசியின் பலனை அறிய மனிதரை நோய்க்கு ஆட்படுத்திச் சோதிப்பது அறமன்று. எனவே முயல், குரங்குகளைக் காத்த எதிர்ப்பொருள் அளவை மனிதரின் அளவோடு ஒப்பிடுவதே ஏற்கத்தக்க சான்று.