நஷ்ட ஈடு வந்த கதை



போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். திருமுல்லைவாயல் பக்கம் அவருடைய பைக்கை ஒரு கார் இடித்துவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கார்க்காரர் வீட்டுக்கே வந்து, "20,000 தருகிறேன், கேஸ் வேண்டாம்" என்றாராம். "வாங்கிக்கலாமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் பழைய கதையிலிருந்துதான் தொடங்குவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்கலாம் என்ற சட்டம் இங்கே 1855-லேயே வந்துவிட்டது. மோட்டார் வண்டியே இல்லாத காலம் அது. பின்னால் மோட்டார் வண்டிகள் வந்தபோது, அடிபட்டுப் பிழைத்தவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். கை உடைந்து வீட்டில் கிடப்பவர் அதற்கு எங்கே போவார்? ஜெயித்தாலும், வண்டிக்காரரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

இங்கிலாந்தில் 1930-ல் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் செய்தார்கள். அதைப் பார்த்து நம் 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்தார்கள். ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். 'தேர்டு பார்ட்டி' என்கிறோமே, அதன் பொருள் இதுதான்: முதல் ஆள் வண்டிக்காரர், இரண்டாம் ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி, மூன்றாம் ஆள் ரோட்டில் போகும் நாம். பிரீமியம் கட்டுவது அவர்; பாதுகாப்பு நமக்கு.

1956-ல் செய்த திருத்தத்தால் விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. இன்று சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், நம் பக்கம் பூந்தமல்லி கோர்ட்டிலும் இந்த வழக்குகள் நடக்கின்றன.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டியவர் மேல் தப்பு என்று நிரூபித்தால்தான் பணம். 1982-ல்தான் தப்பு யார் மேல் என்று பார்க்காமலே இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று வைத்தார்கள். இன்று அது இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அதற்கு மேல் நியாயமான முழுத்தொகை வேண்டுமென்றால் தப்பை நிரூபித்துக் கேட்க வேண்டும். 1994-ல் இன்னொரு வசதி வந்தது. விபத்து விழுப்புரத்தில் நடந்திருந்தாலும், ஆவடியில் குடியிருப்பவர் தன் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம். ஒருவருக்கு இடது கை போய்விட்டது என்று வையுங்கள். மருத்துவக் கணக்கில் ஊனம் சுமார் 60 சதவீதம். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பே போய்விட்டது; வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையில் தொடரலாம். ஆகவே உடம்பில் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், அந்த உடம்பு எந்த வேலைக்குச் சோறு சம்பாதித்தது என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது என் மாணவரை நினைத்துப் பாருங்கள். லேத் ஓட்டுகிறவருக்கு வலது மணிக்கட்டுதானே மூலதனம்! அது முன்போல் திரும்புமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும். அதற்குள் 20,000-க்கு எழுதிக் கொடுத்தால் எப்படி? மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பட்ட வலி, இனிமேல் குறையக்கூடிய வருமானம் எல்லாமே கணக்கில் வரும்.

வீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். உடனே போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோ செலவு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் புரோக்கரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள். 1994-ல் எடுத்துவிட்ட காலக்கெடு 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் வந்திருக்கிறது: விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காசு கேட்பது கேவலம் என்று நினைக்கிற குடும்பங்கள் நம்மில் நிறைய. கார்க்காரரின் தயவில் வரும் காசு இல்லை இது. நம்மைப் போன்றவர்களுக்காகச் சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பு.

மாணவர் 20,000-ஐ வாங்கவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று நேற்று சொன்னார். கை சீக்கிரம் சரியாகட்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். பைக் எடுக்கும்போது ஹெல்மெட்டை மறக்காதீர்கள், கண்ணுகளா.