சதுரங்கப் பலகையின் கடைசி இலக்கம்



சதுரங்கப் பலகையும் தானிய மணியும் கதை நம்மூரில் தெரியாதவர் குறைவு. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததுக்கு இரண்டு, பிறகு நான்கு. 64 கட்டம் முடிவதற்குள் அரசனின் களஞ்சியம் காலி. அதோடு கதையை விட்டுவிடுகிறோம். மொத்தம் எத்தனை மணி என்று பிள்ளைகள் கேட்டால் "எண்ண ஏலாது" என்கிறோம்.

ஏலும். 18,446,744,073,709,551,615. இருபது இலக்கம்.

கல்குலேட்டரில் 2இன் 64ஆம் அடுக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் பத்து இலக்கத்தைக் காட்டும், மிச்சம் பத்தையும் விழுங்கிவிடும். கடைசி 5 வரைக்கும் ஒன்றும் விடாமல் கி.பி. 1000 அளவிலேயே எழுதிவைத்தவர் அல்பீரூனி. காலக்கணக்குகள் பற்றிய அவருடைய 'ஆஸாருல் பாகியா'வில் இது இருக்கிறது.

63 தடவை இரட்டிக்க அவருக்குத் தேவைப்படவில்லை. 2ஐ வர்க்கித்தால் 4. அதை வர்க்கித்தால் 16. பிறகு 256, 65,536, 4,294,967,296. ஆறாம் தடவை வர்க்கித்தால், இல்லாத 65ஆம் கட்டத்தின் மணிகள் வந்துவிடும். அதில் ஒன்றைக் கழித்தால் முழுப் பலகையின் கூட்டுத்தொகை. ஏன் ஒன்று? 1, 2, 4 சேர்ந்தால் 7, அடுத்த கட்டம் 8. எங்கே நிறுத்தினாலும் அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

"எல்லாம் நம்மவர் கண்டுபிடிப்பு" என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்தப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டாம். கதை நடப்பது இந்தியாவில். தாம் எழுதும் இலக்கங்களும் இந்தியரிடமிருந்து வந்தவை என்று அல்பீரூனியே சொல்கிறார். அவருடையது அந்தத் துல்லியம். அது போதாதா?

13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் காழியாக இருந்த இப்னு கல்லிகான் இந்தக் கதையை முதலில் நம்பவில்லை. அலெக்சாந்திரியாவின் கணக்கர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே நம்பியதாகத் தாமே எழுதுகிறார். அந்தக் கணக்கர் 16ஆம் கட்டத்தின் 32,768 மணிகளை ஓர் அளவுப் பாத்திரமாக எடுத்து, பிறகு பாத்திரத்தை இரட்டித்தார். நம் வட்டையில் கொத்திலிருந்து மரைக்காலுக்கும் அவணத்துக்கும் ஏறுகிறோமே, அதே வழி. பாத்திரம் களஞ்சியமாகி, களஞ்சியம் நகரமாகி, கடைசிக் கட்டத்தில் 16,384 நகரங்கள் நிறைந்தன.

நெல்லில் பார்ப்போம். ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால் மொத்தம் 461 பில்லியன் தொன். இன்று உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளைவது ஏறத்தாழ 800 மில்லியன் தொன். ஏறத்தாழ 576 வருட விளைச்சல் வேண்டும்.

இன்னொன்று. இந்த எண் 4,294,967,295ஐ 4,294,967,297ஆல் பெருக்கிய தொகை. இரண்டாவது எண்ணை முதன்மை எண் என்று ஃபெர்மா நினைத்தார். 1732இல் ஒய்லர் அதற்கு 641 ஒரு காரணி என்று காட்டினார். ஆகவே அரசனின் மணிகளை 641 பேருக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஒரு மணியும் மிஞ்சாது.