காப்புறுதி விற்ற குரல்கள்

காப்புறுதி கண்ணாற் காணும் பண்டமன்று. அரிசியை அள்ளிப் பார்க்கலாம்; துணியைத் தடவிப் பார்க்கலாம். காப்புறுதிப் பத்திரம் வாங்குபவரோ, என்றோ ஒருநாள் நிறைவேற வேண்டிய வாக்கொன்றையே விலைகொடுத்துப் பெறுகின்றார். ஆதலால், அவ்வாக்கை எடுத்துரைக்கும் வாய் எவருடையது என்னும் வினா இவ்வணிகத்தோடு நெடுங்காலமாக ஒட்டி வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு தொலைபேசியிற் பேசிக் காப்புறுதி விற்குமாயின், அதே தொழிலாற் பிழைக்கும் மானிட முகவரின் கதி யாதாகும் என இன்று பலரும் கேட்கின்றனர். பிரித்தானியாவின் வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தரும். அங்கே இம்முகவர் தமது இடத்தினின்று பெயர்க்கப்படுவது இது முதன்முறையன்று.

1848ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட புருடென்சல் கம்பெனி, 1854ஆம் ஆண்டு முதல் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஆயுட் காப்புறுதி விற்கத் தொடங்கிற்று. கட்டுப்பணம் கிழமைக்கு ஒரு பென்னி அளவிலேயே தொடங்கும். அதனைத் தண்ட முகவர் வீடுவீடாகச் சென்றார். பிச்சைக்காரர் போலப் பொதுக் குழியிற் புதைக்கப்படுவோமோ என அஞ்சிய ஏழை மக்களுக்கு, நல்லடக்கத்துக்கான செலவை உறுதிசெய்த அந்தச் சில்லறைக் காசு பெரும் ஆறுதலாயிற்று. வீட்டிற் பிறந்தவர், நோயுற்றவர், வேலையிழந்தவர் யாவரையும் முகவர் அறிவார். ‘புருவின் ஆள்’ என்னும் பொருள்பட அந்நாட்டார் அவருக்கு இட்ட பெயர் வழக்கிலேயே நிலைத்தது. ஆயினும் இம்முறைக்குக் குறையும் உண்டு. வாரந்தோறும் ஒரு மனிதர் படியேறி வருவதற்கான செலவு, ஏழையின் கட்டுப்பணத்திற் கணிசமான பகுதியை விழுங்கிற்று. 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கை இச்செலவைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி, இவ்வணிகத்தைப் பொதுச் சபையொன்றின் பொறுப்பில் விட வேண்டும் எனவும் கூறிற்று.

1985ஆம் ஆண்டில் டைரக்ட் லைன் என்னும் கம்பெனி, தரகரை நீக்கி, மோட்டார் வண்டிக் காப்புறுதியைத் தொலைபேசியிலேயே நேரடியாக விற்கத் தலைப்பட்டது. அழைப்பவரிடம் வயது, வண்டியின் வகை, முன்னைய விபத்துக்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளைக் கணினியிற் பதிந்தனர். கணினி கட்டுப்பணத்தைச் சொல்லிற்று. இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். விலையைக் கணித்தது பொறி. கேள்விகளின் வரிசையை வகுத்ததும் பெரும்பாலும் பொறியே. மனிதர் அதற்குத் தம் குரலை இரவல் கொடுத்தனர். மானிட முகவரைப் பொறி பெயர்க்கத் தொடங்கியது இன்று நேற்றன்று, அப்பொழுதே எனலாம். 2002ஆம் ஆண்டில் கன்பியூஸ்ட் டொட் கொம் என்னும் விலை ஒப்பீட்டுத் தளம் தோன்றியதும் அக்கேள்விகளுக்கான விடைகளை வாடிக்கையாளரே தட்டச்சுச் செய்யலாயினர், குரலும் வேண்டாததாயிற்று. அதற்குச் சற்று முன்னரே, 2001இல், புருடென்சல் தன் நேரடி விற்பனைப் படையைக் கலைத்துவிட்டது.

இனிப் பேசும் பொறியின் கதை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் நிரலை வெளியிட்டார். தட்டச்சிட்ட வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்கித் தருவதன்றி அதற்கு யாதொன்றும் விளங்காது. அவ்வாறிருந்தும் மாந்தர் அதனிடம் மனந்திறந்து பேசியதைக் கண்டு அவர் திகைத்தார். 2018ஆம் ஆண்டில் கூகுள் காட்டிய டியூப்ளெக்ஸ் என்னும் பொறியோ சிகையலங்கார நிலையமொன்றுக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘ம்’ என்று இழுத்துப் பேசி, நேரம் குறித்துக்கொண்டது. தான் பொறி என்பதைக் கூறாது பேசியமை பலருக்கு உவப்பாயில்லை. 2022க்குப் பின் பெரும் மொழி மாதிரிகள் பரவியதும், குறித்த சொற்களைக் கடந்து உரையாடும் ஆற்றலும் கைகூடிற்று. நள்ளிரவிலும் சலிப்பின்றி இருபது கேள்வி கேட்க இப்பொறியால் இயலும்.

ஆயின் காப்புறுதியிற் கேள்வி கேட்டல் எத்தகைய செயல்? சுமாத்திராத் தீவில், பென்கூலனில் இருந்த மால்பரோக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அது அந்நியப் பகைவர் வசமாகலாம் என எண்ணிக் காப்புறுதி செய்திருந்தார். 1760இற் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்தார் எனக் காப்புறுதியாளர் பணந்தர மறுத்தார். 1766இல் வழக்கைக் கேட்ட மான்ஸ்பீல்ட் பிரபு, தான் தனியே அறிந்ததை மறைத்து மற்றவரை ஒப்பந்தத்துக்கு இழுப்பதை நல்லெண்ணம் தடுக்கும் எனவும், இக்கடமை இருதிறத்தாருக்கும் உரியது எனவும் விளக்கி, ஆளுநருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தார். நெடுங்காலம் பொதுமக்களும் தாமாகவே யாவற்றையும் வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருந்தனர். 2012ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமே அச்சுமையைக் குறைத்து, கேட்க வேண்டியதைக் கேட்கும் பொறுப்பைக் கம்பெனியின் தலையில் வைத்தது.

“நீரிழிவு உண்டா?” என்ற கேள்விக்கு, “இல்லை... அப்படிச் சொல்ல முடியாது” என ஒருவர் தயங்குகிறார் என்க. நல்ல முகவர் அங்கே நிற்பார். மருந்து உண்பதுண்டா எனக் கேட்பார். தரகுப்பணத்தில் கண்ணுடையவர் ‘இல்லை’ எனப் பதிந்து அப்பாற் செல்வார். பின்னொருநாள் கைம்பெண்ணொருத்தி நட்டஈடு கேட்கும்போது அந்தத் தயக்கத்தின் விலை தெரியவரும்.

மனிதர் என்பதனாலேயே நல்ல முகவர் எனக் கொள்ளுதலும் தகாது. 1988க்கும் 1994க்கும் இடையிற் பிரித்தானியத் தொழிலாளர் பலர், தம் வேலைத்தலத்தின் நல்ல ஓய்வூதியத்தைக் கைவிட்டுத் தனியார் திட்டங்களிற் சேருமாறு தூண்டப்பட்டு இழப்புற்றனர். கடன் தவணைக் காப்புறுதி இதனினும் பெரிது. வேலையிழப்புக்கு அதிற் பணம்பெற இயலாத சுயதொழிலாளருக்கும் அது விற்கப்பட்டது. வங்கிகள் ஏறத்தாழ 3,800 கோடி பவுண் நட்டஈடு செலுத்தின. இவற்றையெல்லாம் விற்றவை மானிடக் குரல்களே. விற்பனை எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்து, எழுதிக்கொடுத்ததை ஒப்புவிக்குமாறு மனிதரைப் பழக்கிய கம்பெனிகள், அவரைப் பெயர்க்க எளிதான நிலைக்கு முன்னமே கொண்டுவந்துவிட்டன.

சட்டங்களும் விழித்துக்கொண்டன. ஐக்கிய அமெரிக்காவில் செயற்கைக் குரலழைப்புக்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1991இல் வந்தது. விற்பனை அழைப்பை விரும்பாதோர் தம் எண்ணைப் பதியும் தேசிய இடாப்பு 2003இல் உருவாயிற்று. செயற்கை நுண்ணறிவு ஆக்கிய குரலும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 2024 பெப்ரவரியில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு அறிவித்தது. அதே மாதம் கனடாவில், தன் உரையாடற் பொறி பயணியொருவருக்குத் தவறாகக் கூறியதற்குத் தான் பொறுப்பன்று என வாதிட்ட எயார் கனடா விமானக் கம்பெனியின் கூற்றைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பொறி சொன்னாலும் சொன்னது கம்பெனியே என்றாயிற்று.

எளிய மோட்டார் வண்டிக் காப்புறுதியை விற்கும் வேலையிற் பெரும்பகுதி பொறியின் கைக்குப் போகும் என எதிர்பார்ப்பது மிகையன்று. முதலில் வேலையிழப்பவர் புதிதாய்ச் சேர்ந்த இளைஞரும் யுவதியருமே ஆவர். இறந்தவரின் மனைவி அழுதுகொண்டு அழைக்கும்போதும், தீயில் வீடிழந்தவர் பேசும்போதும் மனிதரையே அமர்த்துவதாகக் கம்பெனிகள் கூறக்கூடும். ஆனால் அவ்வழைப்பை ஏற்கத்தக்க மூத்த அலுவலர் பலர், விற்பனை மேசையிற் பல்லாயிரம் பேரின் தயக்கங்களைக் கேட்டே அத்தொழிலைப் பழகியவர். அம்மேசையைப் பொறிக்குக் கொடுத்தபின் அடுத்த தலைமுறையினர் எங்கே பழகுவர் என்பதைக் கம்பெனிகள் இப்பொழுதே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.