தங்குமிடம்: அம்பேத்கரின் முதல் நியூயார்க் நாட்கள் குறித்துச் சில குறிப்புகள்

தோழர் ஒருவரின் மகள் ஒரு செமஸ்டர் படிப்புக்காக நியூயார்க் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் பேசினாள். பாத்திரம் வாங்கியாச்சு, அரிசி கிடைக்கிறது, சுரங்க ரயிலில் ஒரு தடவை எதிர்த்திசையில் ஏறிப் போய்விட்டேன் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "சித்தப்பா, வந்து ஒன்பது நாளாச்சு. ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கல."

என்ன கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி அவளிடம் மூன்று தினுசாகக் கேட்கப்பட்டிருந்தது. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, உங்க சாமி எது.

போனை வைத்த பிறகு அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறுகளை எடுத்து, 1913இல் அவர் நியூயார்க்கில் இறங்கிய பக்கங்களைத் தேடினேன். அரைப் பக்கம், மிஞ்சினால் ஒரு பக்கம். 1991 நூற்றாண்டையொட்டி அவர் இங்கே பரவலாக வாசிக்கப்பட்டபோது நாங்கள் விழுந்து விழுந்து படித்தது சாதி ஒழிப்பையும் பூனா ஒப்பந்தத்தையும்தான். மாணவர் அம்பேத்கர் எங்களுக்கு அப்போது தேவைப்படவில்லை. வரலாறு எழுதியவர்களுக்கும் அந்த நாட்கள் வெறும் நடை. அதைத் தாண்டி உள்ளே கூடத்துக்குப் போய்விடவேண்டும் என்கிற அவசரம். அந்த நடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

விவரங்கள் கொஞ்சம்தான். 1913 பிப்ரவரியில் தகப்பனார் ராம்ஜி இறந்துபோகிறார். ஜூன் 4ஆம் தேதி பரோடா சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 11.5 பவுண்டு உதவித்தொகை; படித்து முடித்தபின் சமஸ்தானத்துக்கு 10 ஆண்டு ஊழியம். ஜூலை மூன்றாம் வாரம் நியூயார்க். வயது 22. பம்பாயில் மனைவி ரமாபாய், ஒரு வயது நிரம்பாத மகன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் இடம் கிடைக்கிறது. ஒரு வாரம்தான். சாப்பாடு ஒத்துவரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து மேற்கு 114ஆம் தெரு 554ஆம் எண்ணில் இந்திய மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு. பிறகு மறுபடியும் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் விடுதிக்கு. அங்கே அவருடைய அறைத்தோழர் நவல் பாத்தேனா, ஒரு பார்சி.

சாப்பாடு பிடிக்காமல் அறை மாறினார் என்ற வாக்கியத்தை நாம் சும்மா வாசித்துக்கொண்டு போய்விடுகிறோம். இது யாருக்குச் சாத்தியம்? 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் 1901இல் நடந்த ஒரு பயணத்தைப் பற்றி அவர் எழுதுகிறார். அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள். நல்ல உடுப்பு போட்ட பிள்ளைகள். ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாகத்தான் விசாரிக்கிறார். மகர் என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் மாறிப்போகிறது. கூடுதல் கூலி தருகிறோம் என்றாலும் வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். கேள்வி, பதில், கதவடைப்பு என்ற அந்த வரிசையிலேயே வளர்ந்தவருக்கு, கிடைத்த இடத்தில் முடங்கிக் கிடப்பதுதான் விதிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர் ஹார்ட்லியில் ஒரே வாரத்தில் 'இது எனக்கு வேண்டாம்' என்கிறார். கொலம்பியாவில் அவர் பெற்ற பட்டங்களை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். குறை சொல்லும் உரிமை முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது என்பதை யாரும் எண்ணவில்லை.

இன்னொன்று. ஆரம்ப மாதங்களை அவர் நண்பர்களோடு விளையாட்டிலும் வேடிக்கையிலும் கழித்தார், பிறகு ஒரு நாள் கடமை நினைவுக்கு வந்து சுதாரித்துக்கொண்டார் என்றொரு குறிப்பும் வருகிறது. குறிப்பை எழுதுகிறவர்களிடம் ஒரு சங்கடம் தெரிகிறது. தலைவர் விளையாடியிருக்கக் கூடாது. எனக்கு அந்த மாதங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. 22 வயதுவரை யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காராத ஒருவர் நாலு பேரோடு சேர்ந்து பொழுதைப் போக்கினார் என்றால் அதில் என்ன வீண்?

இதே மாதிரி ஒரு முதல் வாரம் 1888இல் லண்டனிலும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிய காந்தியை, கடல் தாண்டக் கூடாது என்று சொல்லி அவருடைய மோத் பனியா சாதிப் பஞ்சாயத்து விலக்கி வைத்திருந்தது. இறைச்சி தொடமாட்டேன் என்று தாயாருக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனவர், ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிக்கும்வரை அரைப் பட்டினி. அந்த நாட்களை அவரே விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பயம், போவதற்கு ஒரு சாதி வைத்திருப்பவர்களுடைய பயம். அம்பேத்கருக்கு அப்படி இழக்க ஒன்றுமில்லை. காந்தி எழுதிய அளவுக்கு இவர் தன் முதல் நாட்களை எழுதாமல் விட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்நியம் என்பதை அவர் ஊரிலேயே படித்து முடித்திருந்தார்.

இதோடு நிறுத்தினால் அமெரிக்காவுக்கு ஒரு வாழ்த்துப்பா பாடியதாகிவிடும். கேள்வி கேட்கப்படவில்லை என்பது உண்மைதான். ஏன் கேட்கப்படவில்லை? அன்றைய அமெரிக்க வழக்கில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோருக்கும் 'ஹிந்து' என்றே பெயர். தலைப்பாகை கட்டிய சீக்கியரும் ஹிந்து, முஸ்லிமும் ஹிந்து. அந்த ஒற்றை அடையாளத்துக்குள் மகர் என்பது முழுகிப்போனது. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவிக்கப்போகிறவருக்கு நியூயார்க்கின் முதல் நாட்களில் மறைவிடமாக இருந்தது அந்தப் பெயர்தான். அவர் யார் என்று அறிந்து கொடுத்த மரியாதை அல்ல அது. அறியாமையால் கிடைத்த சலுகை. அதற்காக அந்தச் சுதந்திரம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அறை நிஜம், நட்பு நிஜம்.

அந்தச் சலுகைக்கும் ஒரு வர்க்கம் இருந்தது. 1907 செப்டம்பரில், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரத்து மர ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிக் கூலிகளை வெள்ளைக் கும்பல் அடித்துத் துரத்தியது. அவர்களுக்கும் 'ஹிந்து' என்ற பெயர்தான். பெல்லிங்ஹாமில் துரத்தப்பட்ட ஹிந்துவுக்கும் மார்னிங்சைட் மேட்டில் அறை கிடைத்த ஹிந்துவுக்கும் நடுவில் பரோடா மகாராஜாவின் பணமும் ஒரு பி.ஏ. பட்டமும் இருந்தன. அறை கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாகவும் இல்லை. 1909இல் கொலம்பியா நூலகப் படிகளில் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் ஒரு சீன மாணவருக்குப் போகிற போக்கில் காலை வணக்கம் சொல்ல, நியூயார்க் வந்து மூன்று வாரத்தில் தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் அந்த மாணவர். 1924இல் அங்கே திறக்கப்பட்ட சர்வதேச மாணவர் இல்லத்தின் தொடக்கக் கதையாக இதைச் சொல்வார்கள்.

அதே 1924இல் இன்னொரு அறையின் கதை இருக்கிறது. ஹார்ட்லியும் லிவிங்ஸ்டனும் பல்கலைக்கழக மைதானத்தின் கிழக்குப் பக்கம். எதிர்ப்பக்கம் ஃபர்னால்ட் விடுதி. அம்பேத்கர் வந்து இறங்கிய 1913இல்தான் அதுவும் திறக்கப்பட்டது. 1924 வசந்தத்தில் அங்கே ஃபிரெடெரிக் வெல்ஸ் என்ற கறுப்பினச் சட்ட மாணவர் தங்கியிருந்தார். அவர் இருந்தால் நாங்கள் இருக்கமாட்டோம் என்று வெள்ளை மாணவர்கள் சிலர் கிளம்பினார்கள். ஏப்ரல் மாத ராத்திரி ஒன்றில் மைதானத்தில் சிலுவை கொளுத்தப்பட்டது. வெல்ஸ் அறையைக் காலி செய்ய மறுத்தார்.

ஆக, வெளியிலிருந்து வந்த தீண்டப்படாதவருக்கு மைதானத்தின் கிழக்கே இடம் கிடைத்தது. அந்த மண்ணின் 'தீண்டப்படாதவர்' மேற்கே தங்கியபோது நெருப்பு வைத்தார்கள். இடைவெளி பதினோரு ஆண்டு, ஒரு புல்வெளி. தன் ஊரில் யாரைத் தீண்டக் கூடாது என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஊர்க்காரனின் பட்டியலை அது மனப்பாடம் செய்வதில்லை.

டு பாய்ஸின் கதை இதற்குத் தலைகீழ்ச் சாட்சி. 1892இல் உதவித்தொகையில் பெர்லினுக்குப் படிக்கப்போன அந்தக் கறுப்பின இளைஞர், ஐரோப்பாவில்தான் வெள்ளையர்கள் தன்னைச் சக மனிதனாக நடத்தக் கண்டதாகப் பின்னால் எழுதினார். அங்கே அவர் பாடம் கேட்ட பேராசிரியர்களில் ஒருவர் டிரைட்ஷ்கே. யூத வெறுப்புக்குப் பல்கலைக்கழக கௌரவம் தேடிக்கொடுத்தவர். அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் டு பாய்ஸ் விருந்தாளி, யூதர் வேண்டாதவர்.

அம்பேத்கர் மாணவராக இருந்த ஆண்டுகளில் டு பாய்ஸ் அதே நியூயார்க்கில்தான் 'கிரைசிஸ்' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். மார்னிங்சைட் மேட்டுக்குக் கீழே, பூங்காவைத் தாண்டினால் ஹார்லெம். கறுப்பின மக்கள் அங்கே குடியேறிக்கொண்டிருந்த காலம். 1913இல் பதவிக்கு வந்த உட்ரோ வில்சனின் அரசு, மத்திய அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்கத் தொடங்கியிருந்தது. அம்பேத்கர் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பார்? 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பினப் பிரச்சினையைத் தான் பயின்று வந்திருப்பதாகச் சொல்லி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின அமைப்பு கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்கிறார். டு பாய்ஸும் பதில் போட்டார். ஆனால் 1916 மே 9ஆம் தேதி கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் ஹார்லெம் இல்லை. சாதியை நிறவேற்றுமையாக விளக்கும் ஐரோப்பியப் பார்வையை அதில் மறுக்கிறார். அகமணத்தை மையத்தில் வைக்கிறார். சாதி என்பது அடைத்துக்கொண்ட வர்க்கம் என்று சொல்லும்போது அவருக்குக் கைகொடுப்பது ஒரு கதவு: சிலர் தாமே சாத்திக்கொண்டார்கள், மற்றவர்கள் சாத்தப்பட்டதைக் கண்டார்கள் என்பது அவர் வாதம். நூலகத்தில் மட்டும் கிடைத்த உருவகமாக அது எனக்குத் தோன்றவில்லை.

1917இல் பரோடா. ஒப்பந்தப்படி ஊழியம் செய்யத் திரும்புகிறார். ஐந்தாண்டு வெளிநாட்டு வாசம், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்ததாக எழுதுகிறார் (கணக்குப் பார்த்தால் நாலாண்டுதான், துடைக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது). பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும், எங்கே போவது, யார் சேர்ப்பார்கள் என்ற கேள்வி எழுகிறது. மசூரில் மற்றவர் கேட்டார். இப்போது யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அது உள்ளே கேட்டுவிடுகிறது. ஒரு பார்சி விடுதிக்குப் போய், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்குகிறார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு ஒரு டஜன் பார்சிகள் மாடியேறி வருகிறார்கள். மாலைக்குள் காலி செய்யவேண்டும். ஒரு இந்து நண்பர், ஒரு கிறிஸ்தவ நண்பர், இருவருமே வீட்டில் இடம் தரவில்லை. காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

லிவிங்ஸ்டனில் அறைத்தோழர் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். இதை ஒரு சமூகத்தின் குணமாக வாசிப்பது சோம்பேறித்தனம். பாத்தேனா கடைசிவரை நண்பராக இருந்தார். 1920இல் படிப்பைத் தொடர லண்டன் போனபோது கடன் கொடுத்ததும் அவர்தான். லிவிங்ஸ்டனில் அம்பேத்கருக்குப் பொய்ப்பெயர் தேவைப்படவில்லை என்பதைத்தான் பார்க்கவேண்டும். தன் வாழ்வின் மிக நல்ல நண்பர்களில் சிலர் கொலம்பியாவில் கூடப் படித்தவர்களும் டூயி, செலிக்மன் போன்ற பேராசிரியர்களும் என்று 1930இல் அவர் எழுதினார். அதற்குள் மகாட் நடந்து முடிந்திருந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தோழரின் மகள் மறுபடி பேசினாள். ஐந்தாவது வாரம். பொதுச் சமையலறையில் நம் நாட்டுப் பெண் ஒருத்தி அறிமுகமாகி, பேருக்குப் பின்னால் என்ன என்று கேட்டிருக்கிறாள். "இனிஷியல்தான், அப்பா பேருன்னு சொன்னேன். அது தெரியுது, அதுக்கும் பின்னாடின்னு கேக்குறா, சித்தப்பா." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டிசம்பரில் செமஸ்டர் முடிகிறது. வந்து வேலை தேடவேண்டும், வேளச்சேரிப் பக்கம் ஒரு அறை பார்த்து வையுங்கள் என்றாள். போன ஞாயிறு தரகரோடு இரண்டு வீடு பார்த்தேன். முதல் வீட்டில் சைவமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் காபி கொடுத்து, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார் தரகர்.