மலையகத் தோட்டப் பள்ளிக்கூடங்கள்

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் அந்நாளில் பயணம் செய்தவன் கண்ணிற்குத் தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி முதலில் தென்படும். மேட்டில் துரையின் பங்களாவும், பள்ளத்தில் நீண்டு கிடக்கும் லயங்களும் அடுத்துத் தோன்றும். பள்ளிக்கூடம் எங்கே என்பதை மட்டும் யாரையேனும் கேட்டே அறிய வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பருவத்திற்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்தம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எவரும் எண்ணவில்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலைநோய் தோன்றிப் பழைய பயிரை அழிக்கத் தொடங்கியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலால் ஆளும் ஆண்டு முழுவதும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பள்ளிக்கூடம் என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

முதற் பள்ளிகளைப் பள்ளிகள் என்று சொல்வதே மிகை. எழுத்தறிந்த ஒருவர் மாலை வேளையில் லயத்து வாசலில் பிள்ளைகளை இருத்தி மணலில் அகரம் எழுதுவிப்பார். 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனும் பிற சபைகளும் ஆங்காங்கே பாடசாலைகளை நிறுவின. ஆயினும் துரையின் இசைவின்றித் தோட்டத்தில் ஒரு கூரையும் எழ இயலாது.

1907 இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்றது அது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்திற்று. ஆனால் கடமையை நிறைவேற்ற வேண்டியவரும், பிள்ளையின் உழைப்பால் பயனடைபவரும் ஒருவரே! எழுத்துக் கற்றவன் மலைக்கு வேலைக்கு இறங்கான் என்னும் அச்சம் தோட்ட நிர்வாகங்களில் இருந்தது. பெற்றோரையும் முற்றும் குறைகூற இயலாது. அடுப்பெரிக்க அந்தப் பிள்ளையின் அரைச் சம்பளமும் வேண்டியிருந்தது.

இவ்வாறு எழுந்தவற்றுட் பல ஓர் அறையும் ஓராசிரியரும் உடையன. அவ்வொரு அறையிலேயே ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்பு உரக்கப் படிக்கையில் மறு வகுப்பு கணக்குப் போடும். ஆசிரியர் தோட்டத்துச் சம்பளக்காரர். ஆகவே அலுவலகத்து எழுத்து வேலையும் அவர் தலையில் விழுவதுண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைக்குக் காத்திருந்தது கொழுந்துக் கூடையோ, கவ்வாத்துக் கத்தியோதான்.

மேற்கல்வி நகரங்களில் இருந்தது. அட்டனில் மெதடிஸ்த மிஷனார் 1892 இல் தொடங்கிய பள்ளி பின்னர் ஹைலண்ட்ஸ் கல்லூரியாக வளர்ந்தது. லயத்துப் பிள்ளைக்கு அங்கு செல்லத் தூரமும் கட்டணமும் தடை. மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அட்டனிலும், பின் கொழும்பு நாளந்தா வித்தியாலயத்திலும் பயின்றவர். அவரோ பெரிய கங்காணிக் குடும்பத்தவர். அந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டியது? இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் க. இராஜலிங்கம் குறிப்பிடத்தக்கவர். புசல்லாவையில் அவர் நிறுவிய சரஸ்வதி வித்தியாலயம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பின் வாயிலைத் திறந்தது. 1947 இல் அவர் நாவலப்பிட்டித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமானார்.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற அந்தப் பெரும் மாற்றம், ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பள்ளியைத் தொடாமலே சென்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் வாக்குப் பலத்தைப் பறித்தபின், அவர்தம் பள்ளிக்காகக் குரல் எழுப்புவோரும் குறைந்தனர். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன.

தோட்டங்கள் அரசுடைமையான 1970களிலேதான் நிலை மாறியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அரசு அப்பள்ளிகளைப் படிப்படியாக ஏற்றது. 1980களில் தோட்டத்து இளைஞர் பலர் ஆசிரியர் நியமனம் பெற்றனர். சுவீடன் நாட்டு உதவியுடன் புதிய கட்டடங்களும் எழுந்தன. பின்னர், ஆசிரியரைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி கொட்டகலைக்கு அருகே பத்தனையில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்தது.